உத்தரத்தை விட்ட உத்தண்டி

ஒரு காட்டில் ஒரு பல்லி இருந்தது.

சிங்கத்தில் ஆரம்பித்திருக்கலாம், முறை அதுதான். ஆனால் இப்போதெல்லாம் சிங்கத்தைக் கதைக்குள் கொண்டுவர வேண்டுமென்றால் ஒரு மாதம் முன்னாலேயே நேரம் வாங்க வேண்டும். வாங்கிக்கொண்டு போய் நின்றாலும், 'ஐயா மீட்டிங்கில் இருக்கிறார்' என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பல்லி அப்படியில்லை. எப்போது அண்ணாந்து பார்த்தாலும் இருக்கும். என் தகுதிக்கும் பல்லிதான் கட்டுப்படியாகும்.

அந்தப் பல்லியின் பெயர் உத்தண்டி. அவன் குடியிருந்த இடம் கரடியார் சத்திரம். ஒரு காலத்தில் தேன் வியாபாரத்தில் கொழித்த ஒரு பெரிய கரடி, வழிப்போக்கு மிருகங்கள் மழைக்கு ஒதுங்கட்டுமே என்று புண்ணியத்துக்குக் கட்டிவைத்தது. கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பு, மூன்று முழ அகலத்தில் சுவர், தலைக்கு மேலே குறுக்கே ஒரு தேக்கு உத்தரம். கட்டி நூறு வருஷம் ஆயிற்று. இதற்குள் காட்டில் எல்லாரும் குடை வாங்கிவிட்டதால் மழைக்கு ஒதுங்க ஆள் வருவது நின்றுபோனது. சத்திரத்தில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர். மூலையில் வௌவால் சீனியம்மா. உத்தரத்தின் நட்டநடுவில் உத்தண்டி.

உத்தண்டிக்கு இரண்டு வேலை இருந்தன. முதல் வேலை, உத்தரத்தைத் தாங்குவது.

சிரிக்காதீர்கள். அவன் நியாயத்தைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள். அவன் நாலு கால்களாலும் உத்தரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். உத்தரம் கூரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கூரை இதுவரை விழவில்லை. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? அவனுடைய அப்பாவும் பிடித்திருந்தார், அப்பாவின் அப்பாவும் பிடித்திருந்தார், அவர்கள் காலத்திலும் விழவில்லை. பூச்சி பிடிக்கப் போனாலும் ஒரு காலையாவது உத்தரத்தில் வைத்துக்கொண்டே போவான். அதனால் அவன் கொஞ்சம் ஒல்லி.

"எனக்கென்னவோ உத்தரம்தான் உன்னைத் தாங்குற மாதிரி தெரியுது" என்பாள் சீனியம்மா.

"நீ தலைகீழாப் பாக்குறக்கா" என்பான் உத்தண்டி. அதோடு பேச்சு முடிந்துவிடும்.

இரண்டாவது வேலை, சொல்வது. யாராவது ஏதாவது பேசும்போது பல்லி 'ச்ச்ச்' என்றால், பேசியது உண்மை என்று அந்தக் காட்டில் அர்த்தம். உடனே எல்லாரும் விரலால் தரையை மூன்று தட்டுத் தட்டி, பேச்சை முடிவாக்கிவிடுவார்கள். கல்யாணம், காடு மாறுவது, கடன் கொடுப்பது என்று எதுவும் பல்லி சொல்லாமல் நடக்காது. ஆனால் ஒரு ரகசியம் இருக்கிறது. பல்லி யோசித்துச் சொல்வதில்லை. தன் மனசுக்குச் சரியென்று பட்டது காதில் விழுந்த உடனே, விக்கல் மாதிரி, தன்னால் வந்துவிடும். அடக்கலாம், கஷ்டம்.

ஒரு வெள்ளிக்கிழமை சத்திரத்துச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கரடியாரின் பேரன் இடத்தை விற்றுவிட்டான். அவன் பனிக்காட்டில் வேலை கிடைத்துப் போனவன். அங்கேயே தங்கி, உடம்பெல்லாம் வெள்ளையாகி, இப்போது தமிழ் புரியும் ஆனால் பேச வராது என்கிற நிலையில் இருப்பதாகக் கேள்வி. சத்திரத்தை இடித்துவிட்டு அந்த இடத்தில் நாற்பத்தொரு மாடி வரப்போகிறது. வாங்கியவன் தூக்கணாங்குருவி பொன்னுரங்கம்.

தூக்கணாங்குருவிக்குக் கட்டடத் தொழில் பிறவியிலேயே வருவது. தலையில் மஞ்சள் தொப்பியோடேதான் பிறக்கிறது. பாதிக் கூட்டைக் கட்டித் தொங்கவிட்டு, 'மேடம், வந்து பாருங்க, பிடிச்சிருந்தா மீதியைக் கட்டுறேன்' என்று பெண் குருவிகளைக் கூப்பிட்டுக் காட்டுவது அவர்கள் பரம்பரை வழக்கம். இவன் அதையே பெரிதாகச் செய்தான். ஒரு மூங்கிலில் நாற்பத்தொரு கோடு போட்டு நட்டுவைத்துவிட்டு முன்பதிவை ஆரம்பித்துவிட்டான். முயல்கள் முப்பதாவது மாடிக்கு முன்பணம் கட்டின. வளையில் வாழ்கிற பிராணிக்கு முப்பதாவது மாடி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

பொன்னுரங்கம் உத்தண்டியிடம் மரியாதையாகத்தான் பேசினான்.

"சார், பதினெட்டாவது மாடியில நீச்சல்குளம் வருது."

"தண்ணி?"

"தண்ணி லாரியில வரும் சார்."

"நான் இங்கதான் இருப்பேன். நான் நகர்ந்தா கூரை விழுந்துரும்" என்றான் உத்தண்டி.

"கூரை விழணும்னுதான் சார் நாங்களும் வந்திருக்கோம்" என்றான் பொன்னுரங்கம்.

உத்தண்டி அன்றிரவு முழுக்கத் தூங்கவில்லை. வீடு போகிற பயம் ஒரு பங்கு. வேலை போகிற பயம் மூன்று பங்கு. மறுநாள் காலையில் மனு கொடுப்பதென்று தீர்மானித்தான். சீனியம்மாவைக் கூப்பிட்டு, "அக்கா, நான் வர்ற வரைக்கும் ஒரு கை கொடு" என்று உத்தரத்தைக் காட்டினான். அவள் ஏற்கனவே அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தாள். "சரி, சரி, போ" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

காட்டு நகரமைப்பு அலுவலகம் ஓடைக்கு அக்கரையில் இருந்தது. வரிசையில் அவனுக்கு முன்னால் நின்ற ஆமை பிறப்புச் சான்றிதழுக்காக வந்திருந்தது. அதற்கு வயது எண்பது. ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவர் பச்சோந்தி வரதப்பன். மனு கொடுக்க வருகிறவர் எந்த நிறமோ, கொஞ்ச நேரத்துக்கு அவரும் அந்த நிறம். மேலதிகாரி வந்துவிட்டால் மட்டும் சுவரின் நிறம்.

"பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பு மனு. மூணு காப்பி. ஒன்பதாவது கேள்வியை மட்டும் விட்டுறாதீங்க" என்றார்.

ஒன்பதாவது கேள்வி: 'இக்கட்டடம் தற்போது எதன் ஆதரவில் நிற்கிறது?' உத்தண்டி ஒரு நொடிகூடத் தயங்காமல் 'அடியேன்' என்று எழுதினான்.

வரதப்பன் படித்துப் பார்த்தார். ஒரு கண் காகிதத்தைப் பார்த்தது, இன்னொரு கண் உத்தண்டியைப் பார்த்தது. "நீங்களா?"

"உத்தரத்தைப் பிடிச்சிட்டிருக்கேன் சார். மூணு தலைமுறையா."

"அப்போ இப்ப யாரு பிடிச்சிட்டிருக்கா?"

உத்தண்டியின் முகம் வெளுத்த வெளுப்பைப் பார்த்து வரதப்பனுக்கே பொறாமையாக இருந்தது. மனுவை ஜன்னலில் போட்டுவிட்டு ஓடினான் பாருங்கள், ஓடையைக்கூட எப்படித் தாண்டினான் என்று அவனுக்கு நினைவில்லை. மூச்சிரைக்க வந்து பார்த்தால் சத்திரம் நின்றுகொண்டிருந்தது. மூன்று மணி நேரம் அவன் இல்லை. சீனியம்மாவும் தூக்கத்தில் இருந்தாள். நமக்கென்றால் இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வந்திருக்கும். உத்தண்டிக்கு வரவில்லை. 'அவ்வளவு அழுத்திப் பிடித்திருக்கிறேன். விட்ட பிறகும் மூன்று மணி நேரம் தாக்குப் பிடிக்கிறது' என்று தன் கையைத் தானே பார்த்துக்கொண்டான்.

திங்கட்கிழமை இடிப்பதற்கு யானை மூக்காயி வந்தாள். அந்த வட்டாரத்தில் எந்தக் கட்டடத்தை இடிப்பதென்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஆள்தான் பெரிசு, சுபாவம் குழந்தை. வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு, பொன்னுரங்கத்தைப் பார்த்து, "பல்லி சொல்லிருச்சா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் எதுக்கும்மா? ஆர்டர் இருக்கு."

"ஆர்டர் உங்களுக்கு. எனக்குப் பல்லி சொல்லணும். போன வருஷம் சொல்லாம ஒரு மண்டபத்தை இடிச்சேன், ஒரு மாசம் தும்மல் நிக்கல. யானை தும்மினா என்னாகும்னு உங்களுக்குத் தெரியாது."

உத்தரத்தில் இருந்து இதைக் கேட்ட உத்தண்டிக்குப் புது உயிர் வந்தது. கோட்டையே தன் நாக்கில் இருக்கிறது. வாயைத் திறக்காவிட்டால் போதும். அன்றிலிருந்து அவன் மௌனம்.

மௌனம் என்றால் சாதாரண மௌனமில்லை. 'இன்னைக்கு வெயில் ஜாஸ்தி' என்று யாராவது சொன்னால்கூட அவனுக்கு நாக்கு துடிக்கும், கடித்துக்கொள்வான். முயல் வீட்டுக் கல்யாணம் பல்லி சொல்லாமல் நின்றுபோனது. மாப்பிள்ளை முயல் வந்து சத்திரத்து வாசலில் நின்றுகொண்டு, "எனக்கு இந்தப் பொண்ணைத்தான் பிடிச்சிருக்கு" என்று ஏழு தடவை கத்திவிட்டுப் போனான். உத்தண்டி அசையவில்லை. பொன்னுரங்கம் கொழுத்த ஈசல்களாக ஒரு தட்டு நிறைய அனுப்பினான். அதுவும் திரும்பிப் போனது. நாற்பத்தொராவது மாடியில் முழுக் கூரையையும் தருவதாகச் சொன்னான், அதற்கும் அசையவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்தப் பதினோரு நாளும் உத்தண்டி பெரிய மனுஷனாகத்தான் இருந்தான்.

இதற்குள் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. கட்டடம் கட்டுவதை யாரும் நின்று பார்ப்பதில்லை. இடிப்பதென்றால் வேலையை விட்டுவிட்டு வருகிறோம். முதல் நாள் இருபது பேர், ஐந்தாம் நாள் இருநூறு. அணில் ஒருத்தி வேர்க்கடலைக் கடை போட்டாள். வாழ்நாளில் அந்தச் சத்திரத்துக்குள் கால் வைத்திராத நரி ஒன்று, "எங்க தாத்தா இந்தத் தூணோரம்தான் மழைக்கு ஒதுங்குவாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூணோடு சேர்ந்து செல்பி எடுத்துக்கொண்டது. எடுத்து முடித்ததும் அணிலிடம், "எப்பத்தான் இடிப்பாங்க? வெயில் ஏறுதுல்ல" என்றது.

பன்னிரண்டாம் நாள் காலையில் பொன்னுரங்கம் ஒரு கல்லின் மேல் ஏறி நின்றான். அவன் கையில் உத்தண்டியின் மனு நகல் இருந்தது. வரதப்பன் அன்றைக்கு மஞ்சளாக இருந்தார் என்பதைத் தவிர, அது எப்படிக் கிடைத்தது என்று நமக்குத் தெரியாது. ஒன்பதாவது கேள்வியை அவன் நன்றாகப் படித்திருந்தான்.

"பெரியோர்களே, இந்தக் கூரை ஏன் நூறு வருஷமா விழல? கரடியார் போட்ட சுவராலயா? இல்ல. தேக்கு மரத்தாலயா? இல்ல. எல்லாத்தையும் ஒத்தை ஆளா தாங்கிட்டிருக்கிறது நம்ம உத்தண்டி ஐயாதான்!"

பிறந்ததிலிருந்து இந்த ஒரு வாக்கியத்தை அடுத்தவர் வாயால் கேட்க உத்தண்டி காத்திருந்தான். அப்பா கேட்காமலே போய்ச் சேர்ந்தார். தாத்தா கேட்காமலே போய்ச் சேர்ந்தார். உத்தண்டி நாக்கைக் கடித்தான், கண்ணை மூடினான், வாலைச் சுருட்டினான்.

"ச்ச்ச்."

இருநூறு பேரும் தரையைத் தட்டினார்கள். எதற்குச் சொன்னது என்று யாரும் பார்க்கவில்லை. "பல்லி சொல்லிருச்சு! பல்லி சொல்லிருச்சு!" மூக்காயி துதிக்கையைத் தூக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேலைக்குத் தயாரானாள்.

"ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி" என்றாள் சீனியம்மா மூலையிலிருந்து. "பதினோரு நாள் ஈசலைக்கூட வேணாம்னு சொன்னியேப்பா. ஒரு வார்த்தைக்கா விழுந்த?"

உத்தண்டிக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கத்துக்கு அடியில், பொன்னுரங்கமே தன் வாயால் சொல்லிவிட்டான், இருநூறு பேர் கேட்டுவிட்டார்கள் என்கிற இனிப்பும் இருந்தது.

மூக்காயி உள்ளே எட்டிப் பார்த்தாள். "அண்ணே, கொஞ்சம் இறங்கிக்கங்க. உள்ள உசுரு இருந்தா இடிக்கக் கூடாதுன்னு விதி."

அப்போதுதான் உத்தண்டிக்கு அந்த யோசனை வந்தது. வீடு போகப்போவது உறுதி. போகிறதுதான் போகிறது, தன் கையால் போகட்டும். உத்தரத்தின் விளிம்புக்கு வந்து கூட்டத்தைப் பார்த்தான்.

"தங்கச்சி, நீ இடிக்கவே வேணாம். நான் கையை விட்டாப் போதும், தானா விழுந்துரும். பாவம், புள்ளகுட்டிக்காரங்க இருக்காங்க. எல்லாரையும் நூறடி தள்ளி நிக்கச் சொல்லு."

கூட்டம் நூறடி தள்ளிப் போனது. இருநூறு செல்போன்கள் உயர்ந்தன. அணில் கடலைச் சட்டியைத் தூக்கி மரத்துக்குப் பின்னால் வைத்தாள். சீனியம்மாகூட, எதற்கு வம்பு என்று பறந்துபோய் எதிரே இருந்த புளியமரத்தில் தொங்கிக்கொண்டாள்.

"எங்க விழப்போறீங்கண்ணே?" என்றாள் மூக்காயி கவலையோடு. "தலையில மட்டும் விழுந்துராதீங்க, பஞ்சாங்கத்துல நல்லா போடல. வலது தோள்னா வெற்றி."

உத்தண்டி மூன்று எண்ணினான். மூன்று தலைமுறையை மனதில் நினைத்துக் கும்பிட்டான். நாலு கால்களையும் ஒன்றாக விட்டான். மூக்காயியின் வலது தோளில் பொத்தென்று விழுந்தான். அவள் அவனைச் சுமந்துகொண்டு நூறடி ஓடிப்போய்த் திரும்பி நின்றாள்.

எல்லாரும் பார்த்தார்கள்.

சத்திரம் நின்றுகொண்டிருந்தது.

 யாரோ ஒருவர் இருமினார். கூரையிலிருந்து ஒரு சுண்ணாம்புப் பொட்டுக்கூட உதிரவில்லை. ஒரு காக்கை வந்து கூரைமேல் உட்கார்ந்து, நன்றாக உட்கார முடிகிறதா என்று நாலு தடவை குதித்துப் பார்த்தது. கூட்டத்தில் ஒரு குட்டிக் குரங்கு, "விட்டுட்டாரா, இன்னும் விடலையா?" என்று சத்தமாகக் கேட்டது. அதன் அம்மா அதன் வாயைப் பொத்தினாள்.

இந்த இடத்தில் உத்தண்டியைப் பார்த்து நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. போன மாதம் எனக்குக் காய்ச்சல். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒன்பது நாள் அலுவலகம் போகவில்லை. ஒரு போன் வரவில்லை. பத்தாம் நாள் போனால், பக்கத்து மேஜைக்காரர், "நேத்து நீங்க கேட்ட பேனா இதுதானே?" என்கிறார். ஆகவே உத்தண்டியின் வயிற்றுக்குள் அப்போது என்ன நடந்தது என்பதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

"கொஞ்சம் நேரம் எடுக்கும்" என்றான் உத்தண்டி. "பிடிச்ச பிடி அப்படி."

மத்தியானம் வரை காத்திருந்தார்கள். பிறகு மூக்காயி போய்த் தலையால் முட்டினாள். சுவர் அசையவில்லை. கடுக்காய் போட்ட சுண்ணாம்பு. கரடியார் ஏனோதானோவென்று கட்டியவர் இல்லை. அன்று முழுக்க முட்டினாள். மறுநாளும் முட்டினாள். சத்திரம் எருமை மாதிரி நின்றது. கூட்டத்தின் கண் மெல்லக் கட்டடத்தை விட்டு உத்தண்டியின் பக்கம் திரும்ப ஆரம்பித்தது.  கடலை கொறித்துக்கொண்டே அவனை மேலும் கீழும் பார்த்தார்கள்.

முதல் நாள் உத்தண்டிக்குத் துக்கம். இரண்டாம் நாள் கோபம். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், யானையின் காதருகே நின்றுகொண்டு, "தள்ளு தங்கச்சி! இன்னும் கொஞ்சம்! சோறு தின்னுட்டுதானே வந்த?" என்று கத்திக்கொண்டிருக்கிறான். பதினோரு நாள் இடிக்கவிடாமல் வாயை மூடிக்கொண்டிருந்தவன் அவன்தான். பொன்னுரங்கமே, "சார், மெதுவா ஆகட்டும் சார்" என்று சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில்தான் பச்சோந்தி வரதப்பன் ஒரு உறையோடு வந்து சேர்ந்தார். மூன்று நாளாக ஒரு யானை முட்டியும் விழாத கட்டடம் என்ற செய்தி மேலிடம் வரை போய்விட்டது. அவர் இன்று சத்திரத்துச் சுவரின் காவி நிறத்தில் இருந்தார்.

"யாரு உத்தண்டி? உங்க மனு பாஸாயிருச்சு. இது இனிமே பாரம்பரியக் கட்டடம். யாரும் தொடக் கூடாது. பணம் கட்டினவங்க வேற இடம் பாத்துக்கட்டும்."

பொன்னுரங்கத்தின் மஞ்சள் தொப்பி வெளிறியது. புளியமரத்தில் சீனியம்மா சிறகைத் தட்டினாள். உத்தண்டிக்குக் கண்ணில் நீர் முட்டியது. வீடு பிழைத்தது. அந்த உத்தரம், அந்த ஈரவாடை, அந்தத் தூசி, எல்லாம் பிழைத்தன. ஓடிப்போய்க் காகிதத்தை வாங்கினான்.

"கீழ ஒரு கையெழுத்துப் போட்டுருங்க. அவ்வளவுதான் பாக்கி" என்றார் வரதப்பன். "ஒன்பதாவது பதிலை மட்டும் ஆபீஸ்ல திருத்திட்டாங்க."

உத்தண்டி படித்தான். 'இக்கட்டடம் எவருடைய ஆதரவும் இன்றித் தானாகவே உறுதியாக நிற்கிறது என்பதை மனுதாரராகிய நான் நேரில் கண்டு உறுதி செய்கிறேன்.'

இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூக்காயி முட்டுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள்.

"இந்த ஒரு வரியை எடுத்துற முடியாதா?" என்றான் மெதுவாக.

"அந்த வரிக்காகத்தான் பாஸே ஆயிருக்கு."

"'எவருடைய ஆதரவும்'ங்கிறதுல, 'ஏறக்குறைய'ன்னு ஒரு வார்த்தை..."

"முடியாதுங்க."

"போடுப்பா!" என்று கத்தினாள் சீனியம்மா. "கோடு கிழிக்கிற வேலைதானே! போட்டுட்டு வா, வீட்டுக்குப் போவோம்!"

உத்தண்டி பேனாவைப் பிடித்தான்.  சத்திரத்தை ஒரு தடவை பார்த்தான். அது அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை, திட்டவில்லை, சும்மா நின்றது. அப்படிச் சும்மா நின்றதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. பேனாவைக் கீழே வைத்தான்.

"நான் மனுவே கொடுக்கல சார். யாரோ என் பேர்ல கொடுத்திருக்காங்க."

வரதப்பன் தோளைக் குலுக்கிவிட்டு, காகிதத்தை மடித்துக்கொண்டு, உடனே மஞ்சளாகிப் பொன்னுரங்கத்தின் பக்கத்தில் போய் நின்றார்.

உத்தண்டி மூக்காயியின் காதுக்குள் ஏறினான். "தங்கச்சி, கிழக்கு மூலைக்குப் போ. உத்தரம் சுவருக்குள்ள இறங்குற இடத்துல உள்பக்கமா ஒரு விரிசல் இருக்கு. வெளியே தெரியாது. மழைத் தண்ணி இறங்கி இறங்கி உள்ளுக்குள்ள மண்ணாப் போச்சு. எங்கம்மா அதுக்குள்ளதான் முட்டை வச்சா. நான் பொறந்ததும் அங்கதான். அங்க முட்டு."

சொல்லிவிட்டு அந்த மூலையைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டான். 

மூக்காயி கிழக்கு மூலையில் ஒரே ஒரு முட்டு முட்டினாள். உத்தரம் ஒரு முனகல் முனகி, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பின்னாலேயே கூரை இறங்கியது. கூரை விழுந்த அதிர்ச்சியில் மற்ற சுவர்களும் ஒன்றன் பின் ஒன்றாக உட்கார்ந்தன. சுண்ணாம்புப் புகை காடு முழுக்கப் பரவியது. அடேயப்பா என்று கூட்டம் கைதட்டியது. செல்போன்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டன. கால் மணி நேரத்தில் பழைய சாமான் வாங்குகிறவர்கள் வந்து உத்தரத்துக்கும் கதவுக்கும் விலை பேச ஆரம்பித்தார்கள். நரி மட்டும் தும்மிக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் மெதுவா விழுந்திருக்கலாம்" என்றது.

"விட்டேன்ல? விழுந்துச்சா இல்லையா?" என்றான் உத்தண்டி, பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்து. அவர்கள் முன்பதிவுக்கு வரிசையில் நிற்கப் போய்க்கொண்டிருந்தார்கள்.

சீனியம்மா வந்து ஒரு உடைந்த தூணில் தொங்கினாள்.

"ஒரு கையெழுத்துதானேப்பா. போட்டிருந்தா வீடு இருந்திருக்கும்."

"வீடு இருந்திருக்கும்க்கா. நான் எங்க இருந்திருப்பேன்?"

"இப்ப மட்டும் எங்க இருக்கப் போற?"

உத்தண்டி அண்ணாந்து பார்த்தான். அவன் பிறந்ததிலிருந்து அண்ணாந்தால் ஏதாவது ஒரு மரமோ ஓடோ இருக்கும். இப்போது நீலமாக வெறும் வானம் இருந்தது. அதில் ஒட்டிக்கொள்ள முடியாது. அவனுக்கு அழுகை வந்தது; சீனியம்மாவைத் தவிர ஆளில்லாததால் நன்றாகவே அழுதான். அழுது முடித்துத் திரும்பியபோதுதான் தன் வால் தன்னிடம் இல்லை என்பதைக் கவனித்தான். உத்தரம் விழுந்த சத்தத்தில் பயந்துபோய் எப்போதோ கழன்றுவிட்டிருக்கிறது.

வால் கொஞ்ச தூரத்தில், சுண்ணாம்புக் குவியலின் மேல் கிடந்தது. அப்படியும் இப்படியுமாகத் துள்ளித் துடித்துக்கொண்டிருந்தது. தான் இல்லாமல் இந்த உத்தண்டி எப்படி நடக்கப்போகிறானோ, எந்தப் பள்ளத்தில் விழப்போகிறானோ என்கிற கவலையில் அது கிடந்து தவிப்பது அவனுக்குப் பார்த்த உடனே புரிந்துவிட்டது. உண்மையில் வால் போனதில் அவனுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. உடம்பு இன்னும் லேசாகத்தான் இருந்தது.

ஆனாலும் அவன் அதன் கண்ணுக்குப் படுகிற மாதிரி வந்து நின்றான். காலைத் தாங்கித் தாங்கி, இரண்டு இடத்தில் விழுந்து எழுந்து, தட்டுத்தடுமாறி நாலு எட்டு நடந்துகாட்டினான்.

வால் அதைப் பார்த்த பிறகுதான் அடங்கியது.

நீதி: உங்களால்தான் நிற்கிறது என்று நீங்கள் நம்பும் எதையும் விட்டுவிட்டு ஒருநாளும் லீவு போடாதீர்கள். விழுந்தால் துக்கத்தோடு போயிற்று. விழாவிட்டால் நீங்களே போய் இடிக்க வேண்டியிருக்கும்.